கலையும் காலண்டரும்



கலை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருடைய மனம் ஒரு பெருநகரத்தை நோக்கி ஓடுகிறது. அங்கே ஓர் அருங்காட்சியகம். அதன் சுவரிலே பொன்னிறச் சட்டத்துக்குள் ஓர் ஓவியம். அதன் முன்னே மெல்லத் தலையசைத்து நிற்கும் கற்றோர் சிலர். கலை அங்கேதான் குடியிருக்கிறது; நாம் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு அதைக் காணப் போகவேண்டும் என்று எண்ணுகிறோம். நான் வாழும் இருக்கன்குடி, சாத்தூருக்கு அண்மையில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில், மாரியம்மன் கோயிலைச் சூழ்ந்து அமைந்த சிற்றூர். இங்கிருந்து நோக்கினால் அந்தப் பெருநகரம் நெடுந்தொலைவில் உள்ளது. கலையும் அவ்வளவு தொலைவில்தான் உள்ளதா? இதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா. கலைக்கு அறிஞர்கள் காலந்தோறும் கூறிய இலக்கணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம். அவற்றை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல்லும் வேண்டும் அல்லவா? நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பொருள் ஒன்றையே அதற்கு எடுத்துக்கொள்வோம். அது சிவகாசியில் அச்சான சாமி படக் காலண்டர்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வளர்ந்தும் தேய்ந்தும் வரும் திங்களின் கூறுகளைக் கலைகள் என்கிறோம். கற்றுத் தேர்ந்த திறமைகளையும் கலைகள் என்கிறோம். அறுபத்து நான்கு கலைகள் என்று நம் முன்னோர் வகுத்த வரிசையில் பாட்டும் கூத்தும் ஓவியமும் உண்டு. அவற்றுக்குப் பக்கத்திலேயே பூத்தொடுத்தலும் சமையலும் தச்சுவேலையும் உண்டு. கிரேக்கரும் இவ்வாறே எண்ணினர். ‘டெக்னே’ என்ற ஒரே சொல்லால் சிற்பியின் திறமையையும் மருத்துவனின் திறமையையும் கப்பல் கட்டுவோனின் திறமையையும் குறித்தனர். ஆகவே, கலை என்பது முறையாகக் கற்றுப் பழகிய திறமை என்பதே பழைய இலக்கணம். இந்த இலக்கணத்தில் உயர்ந்த கலை, தாழ்ந்த கலை என்ற பிரிவுக்கு இடம் குறைவு. நன்கு செய்தானா, செய்யவில்லையா என்பதே கேள்வி.

அடுத்து வந்தது, கலை என்பது உலகத்தைப் போலச் செய்தல் என்னும் கருத்து. கிரேக்க நாட்டுப் பிளேட்டோ இதைக் கூறிக் கலைஞனைக் குறையும் சொன்னார். கட்டில் என்னும் கருத்து ஒன்று. அதைப் பார்த்துத் தச்சன் செய்த கட்டில் அதற்கு ஒரு நிழல். அக்கட்டிலைப் பார்த்து ஓவியன் தீட்டிய படம் நிழலுக்கும் நிழல் என்பது அவருடைய வாதம். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் ஆசிரியரோடு உடன்படவில்லை. போலச் செய்தல் மனித இயல்பு, குழந்தை அவ்வாறுதான் கற்கிறது, துன்பியல் நாடகத்தைக் காண்பவன் இரக்கமும் அச்சமும் கொண்டு உள்ளம் தெளிகிறான் என்று விடை கூறினார். ஆசிரியர் சொன்னதை மாணவர் மறுத்ததால் அறிவு வளர்ந்ததற்கு இதுவும் ஒரு சான்று.

நம் நாட்டினர் வேறொரு வழியில் சென்றனர். பொருள் உலகத்தைப் போல இருக்கிறதா என்று கேட்பதைவிட, காண்போர் உள்ளத்தில் என்ன விளைகிறது என்று கேட்டனர். பரதரின் நாட்டிய சாத்திரம் அதைச் சுவை என்றது. தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டு வகையாகப் பகுத்தார். நகை, உவகை, பெருமிதம், வெகுளி, அச்சம், அழுகை, மருட்கை, இளிவரல் என்பன அவை. உள்ளத்தில் எழுந்த உணர்ச்சி உடலில் வெளிப்பட்டுக் காண்போருக்குப் புலனாவதே மெய்ப்பாடு. சமையலில் வழங்கும் சுவை என்னும் சொல்லையே கலைக்கும் சூட்டியது எவ்வளவு பொருத்தம்! சோற்றின் சுவை சட்டியில் இல்லை. உண்பவன் நாவில் பிறக்கிறது. கலையின் சுவையும் காண்பவனை எதிர்பார்த்தே நிற்கிறது.

பின்னர் ஐரோப்பாவில் ஒரு பெரும் பிரிவினை நிகழ்ந்தது. 1746இல் பிரான்சு நாட்டுச் சார்ல் பத்தே என்பவர் ஒரு நூல் எழுதினார். இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஆகிய ஐந்தும் இன்பம் தருவதற்கென்றே தோன்றியவை என்று கூறி, அவற்றைக் கவின்கலைகள் எனத் தனியே பிரித்தார். மற்றவை பயன் கருதிய தொழில்கள் ஆயின. இப்பிரிவினை எளிய வகைப்பாடுபோல் தோன்றினாலும் அதன் விளைவு பெரிது. கவின்கலை செய்பவன் கலைஞன் ஆனான். அவன் பெயர் ஓவியத்தின் மூலையில் எழுதப்பட்டது. குயவனும் தச்சனும் நெசவாளியும் தொழிலாளிகள் ஆயினர். அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கருத்து நம் நாட்டுக் கல்வியிலும் புகுந்தது. 1850இல் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி, கலை ஒரு பக்கமும் கைத்தொழில் மறுபக்கமுமாக வளர்ந்தது. நம் ஓவியத்தின் வரலாற்றில் அப்பள்ளிக்குப் பெரிய இடம் உண்டு.

இனிக் கலையின் வடிவங்களைக் காண்போம். 1766இல் ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங், ஓவியத்துக்கும் கவிதைக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தார். ஓவியமும் சிற்பமும் இடத்திலே பரந்து நின்று ஒரே பார்வையில் காட்சி தருவன. கவிதையோ காலத்திலே ஒன்றன்பின் ஒன்றாக விரிவது என்றார். கட்டடத்தை முன்னதனோடும், இசையைப் பின்னதனோடும் சேர்த்துக்கொள்ளலாம். நடனமும் நாடகமும் இரண்டிலும் கால் வைத்து நிற்பவை. நம் தமிழ் மரபோ இயல், இசை, நாடகம் என மொழியையே மூன்றாகப் பார்த்தது. இவ்வடிவங்களுக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கட்டடக் கலைக்குப் பதினொரு நிலையாக எழுந்து நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் உண்டு. சிற்பத்துக்குக் கழுகுமலை உண்டு. அங்குள்ள வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் குடையப்பட்டது. உச்சியில் தொடங்கி மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். விமானம் அழகாக முடிந்துவிட்டது. அடிப்பகுதியோ முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. ஆகவே, சிற்பி எவ்வாறு வேலை செய்தான் என்பதை அது இன்றும் கண்ணெதிரே காட்டுகிறது. கவிதைக்கு 1882இல் பாரதியார் பிறந்த எட்டயபுரம் உண்டு. இசைக்கும் அவ்வூரே உண்டு. முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்தது அங்கேதான். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூல் 1904இல் வெளிவந்ததும் அங்கேதான். நாகசுரத்தில் புகழ்பெற்ற காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் வாழ்ந்தவர்.

நாடகத்துக்கு 1886இல் சிவகாசியில் பிறந்த விசுவநாததாசைச் சொல்லவேண்டும். மேடையில் விடுதலைப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். மருத்துவர் குலம் எனவும் நாவிதர் எனவும் வழங்கும் சாதியில் பிறந்தவர் என்பதற்காக அவருடன் நடிக்க மறுத்தவர்களும் உண்டு. 1940ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில், முருகன் வேடத்தில் மேடையில் இருந்தபடியே உயிர் துறந்தார். பாட்டைக் கேட்கத் திரண்ட ஊர், பாடியவனுக்குச் சமமாக நிற்கத் தயங்கியது.

நடனத்தின் கதையும் எண்ணத்தக்கது. சதிர் என்று வழங்கிய ஆட்டத்தை இழிவாகப் பேசியோர் முன்னாளில் பலர். 1930களில் சென்னையில் அறிஞர் சிலர் அதற்காக வாதாடினர். பரதநாட்டியம் என்னும் பெயர் அதற்கு நிலைபெற்றது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். ஆட்டம் மதிப்புப் பெற்றது, நாடெங்கும் பரவியது. ஆனால், தலைமுறை தலைமுறையாக அதைக் காத்துவந்த குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பலர் மேடையிலிருந்து மறைந்துபோயினர். பாலசரசுவதியைப் போல நின்று நிலைத்தவர் சிலரே. கலை என்னும் பெயரை ஒன்றுக்குச் சூட்டும்போது யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்பதையும் நாம் கவனிக்கவேண்டும் என்பதற்காகவே இவ்விரண்டையும் கூறினேன்.

இப்பொழுது நம் காலண்டருக்கு வருவோம். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வானம் பார்த்த கரிசல் பூமியில் அத்தொழில் வேர்விட்டது. தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட வண்ணச் சீட்டு வேண்டும். அதைத் தொடர்ந்து பட்டாசுப் பெட்டிக்கும் வேண்டும். அதற்காக அச்சுத்தொழில் வந்தது. அச்சகங்கள் பெருகியபோது காலண்டர் வந்தது. மளிகைக் கடைக்காரரும் ஜவுளிக் கடைக்காரரும் தம் கடைப் பெயரை அடியில் அச்சிட்டு, ஆண்டுதோறும் வாடிக்கையாளருக்குக் கொடுத்தனர். அதன் மேற்பகுதிக்குப் படம் வேண்டியிருந்தது.

அப்படத்தைத் தீட்டிய கைகளில் முதன்மையானது கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் கை. 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர் அவர். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றார். சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கினார். பின்பு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதினார். இறுதியில் கோவில்பட்டியில் நிலைத்தார். அவர் படங்களை உற்று நோக்குங்கள். தெய்வத்தின் கைகளும் ஆயுதங்களும் கோயில் சிற்ப மரபைப் பின்பற்றியவை. முகத்தின் ஒளியும் நிழலும் ஐரோப்பிய முறையைத் தழுவிய ரவி வர்மாவின் வழி வந்தவை. பின்னணியில் தெரியும் மலையும் மாளிகையும் நாடகத் திரைச்சீலையின் வரவு. மூன்று மரபுகள் ஒரு தாளில் கூடியிருக்கின்றன. அவர் பெயரோடு அவருடைய மாணவர் டி. எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்து அச்சான படங்கள் உண்டு. ஆசிரியனும் மாணவனும் ஒரு படத்தின் கீழே பெயர் இடுவது எல்லா இடத்திலும் காணும் வழக்கம் அன்று.

ஓவியன் தீட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல் அச்சுமுறையே லித்தோ எனப்படுவது. எண்ணெய்ப் பசையும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பதே அதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைப்பர். பின்பு அச்சு மையை உருட்டினால், அது வரைந்த இடத்தில் மட்டும் பற்றும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். மூலப்படத்தைக் கண்ணால் பார்த்தே, எந்த இடத்தில் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு சிவப்பு, எவ்வளவு நீலம் என்று பிரித்துப் புள்ளி புள்ளியாகக் கல்லில் ஏற்றிய கைவினைஞர் இருந்தனர். வண்ணங்கள் மயிரிழை விலகினாலும் அம்மனின் முகம் சிதைந்துவிடும். பிற்காலத்தில் துத்தநாகத் தகடும் ஆஃப்செட் எந்திரமும் வந்தன. இன்று அவ்வேலையைக் கணினி செய்கிறது. அந்தக் கைவினைஞரின் பெயர்கள் படத்தில் இல்லை.

இது கலையா? ‘காலண்டர் ஓவியம்’ என்பது நகரத்து விமரிசகர் பலரிடம் நெடுங்காலம் ஒரு வசைச்சொல்லாகவே இருந்தது. நாம் உரைத்துப் பார்ப்போம். திறமையே கலை என்ற பழைய இலக்கணப்படி, இது ஐயமின்றிக் கலை. போலச் செய்தலே கலை என்றால், பட்டின் சரிகையும் முத்தின் பளபளப்பும் தேர்ந்த போலச்செய்தல். ஆயினும் திருமகளை யார் கண்டு தீட்டினார் என்ற வினா எஞ்சும். சுவையே கலை என்றால், விடை அப்படத்தின் முன்னே விளக்கேற்றி நிற்கும் தாயின் முகத்தில் இருக்கிறது. கவின்கலை என்ற 1746ஆம் ஆண்டு இலக்கணப்படி மட்டும் இது தோற்றுப்போகிறது. தேதி பார்க்கும் பயன் இதற்கு உண்டு. கடை விளம்பரமும் உண்டு. ஆயிரக்கணக்கில் படிகளும் உண்டு.

ஆனால், அந்த இலக்கணமும் நிலைக்கவில்லை. 1839இல் நிழற்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டதும், உள்ளதை உள்ளபடி காட்டும் வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டது. ஓவியன் வேறு வழி தேடினான். உருசிய எழுத்தாளர் டால்ஸ்டாய், கலை என்பது ஒருவர் தாம் பெற்ற உணர்ச்சியைப் பிறருக்குத் தொற்றச் செய்தல் என்றார். 1914இல் இங்கிலாந்தின் கிளைவ் பெல், கோடும் வண்ணமும் அமைந்த வடிவமே கலையின் உயிர் என்றார். 1917இல் நியூயார்க்கில் மார்சல் துஷாம்ப், கடையில் வாங்கிய சிறுநீர்க் கலம் ஒன்றைக் கண்காட்சிக்கு அனுப்பினார். அது காட்சிக்கு வைக்கப்படவில்லை. ஆனால் கலை உலகையே கலக்கிவிட்டது. 1964இல் ஆர்தர் தாந்தோ என்னும் அமெரிக்கர், ஒரு பொருளைக் கலையாகக் காணச் செய்வது அதைச் சூழ்ந்துள்ள கலை உலகமும் அதன் வரலாறும் கருத்துமே என்று வாதிட்டார். அவ்வாறாயின், அருங்காட்சியகங்கள் பழைய காலண்டர்ப் படங்களைத் தேடிச் சேர்க்கும் இந்நாளில், நேற்று வசை பெற்ற அதே தாள் இன்று கலை ஆகிவிடுகிறது. தாள் மாறவில்லை, பார்ப்பவர் மாறினார்.

இங்கே ஒரு நுட்பத்தையும் காட்ட விரும்புகிறேன். 1930களின் நடுவில் வால்ட்டர் பெஞ்சமின் என்னும் ஜெர்மானிய அறிஞர், எந்திரத்தால் படியெடுக்கும்போது கலைப்பொருள் தன் தனித்த ஒளியை இழக்கிறது, வழிபாட்டிலிருந்தும் விடுபடுகிறது என்று எழுதினார். ஐரோப்பாவைப் பார்த்து அவர் எழுதியது அது. நம் ஊரில் நிகழ்ந்ததோ வேறு. கோவில்பட்டியில் தீட்டிய மூலப்படத்தை யாரும் வணங்கவில்லை. அது அச்சகத்துக்குச் சென்ற ஒரு வேலை. அதன் படிதான் வீட்டுக்கு வந்து, குங்குமமும் சந்தனமும் பூவும் பெற்றுத் தெய்வம் ஆயிற்று. கோயிலின் உள்ளே செல்லும் உரிமை மறுக்கப்பட்டிருந்த வீடுகளுக்குள்ளும் இத்தகைய அச்சுப்படங்கள் தெய்வத்தைக் கொண்டு சேர்த்தன என்பதை நினைக்கும்போது, மலிவு என்பது எப்போதும் இழிவு ஆகாது என்று உணர்கிறோம்.

அப்படியானால் எல்லாக் காலண்டரும் உயர்ந்த கலையா? இல்லை. இங்கே இரண்டு வினாக்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது கலையா என்பது ஒரு வினா. இது நல்ல கலையா என்பது வேறு வினா. முன்னதற்கு விடை கூறுவதில் உலகம் இருநூறு முந்நூறு ஆண்டுகளாகத் தடுமாறுகிறது. பின்னதற்கு விடை காண நீங்களே பழகலாம். ஒரு படத்தின் முன் சற்று நேரம் நில்லுங்கள். கண் முதலில் எங்கே செல்கிறது? ஏன் அங்கே செல்கிறது? எந்தக் கோட்டை எடுத்துவிட்டால் படம் குலையும்? எது வெறும் நிரப்பல்? இதைச் செய்தவர் வேறொருவர் செய்ததை அப்படியே எடுத்தாண்டாரா, தாமே கண்டாரா? இவ்வினாக்களைக் கழுகுமலைச் சிற்பத்திடமும் கேட்கலாம். பட்டாசுப் பெட்டியின் சீட்டிடமும் கேட்கலாம். கணினியே படம் தீட்டித் தரும் இந்நாளில், கலைக்கு இன்னோர் இலக்கணம் உருவாகிக்கொண்டிருக்கிறது. அப்போதும் இவ்வினாக்கள் பயன்படும்.

இறுதியாக, ஆசிரியனாக வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பொதுத்தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. கணிதம் வேண்டியதே, ஆனால், அந்த ஒரு மணி நேரத்தில்தான் சில பிள்ளைகள் வகுப்பிலே தலைநிமிர்ந்து அமர்கிறார்கள். வேளார் வீட்டுப் பிள்ளை, தன் தாத்தா களிமண்ணால் வனைந்த அய்யனார் குதிரை கண்மாய்க் கரையில் மழையில் கரைவதைக் காண்கிறான். அதே போன்ற குதிரை நகரத்து அருங்காட்சியகத்தில் விளக்கொளியில் நிற்பது அவனுக்குத் தெரியாது. தெரியாததனால், தன் வீட்டில் இருப்பது மண்வேலை, கலை வேறெங்கோ உள்ளது என்று நம்பி வளர்கிறான். அந்த நம்பிக்கையோடு அவன் சக்கரத்தை விட்டு நீங்கினால், இழப்பு அவனுக்கு மட்டும் அன்று. அதைச் சுற்றத் தெரிந்த கை ஒரு தலைமுறையில் மறந்துவிடும், மீட்பது எளிதன்று.

ஆகவே மாணவர்களே, இவ்வார விடுமுறையில் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவில் கையால் ஒன்றை நன்றாகச் செய்யும் ஒருவரிடம் செல்லுங்கள். குயவராக இருக்கலாம், கோலமிடும் பாட்டியாக இருக்கலாம், அச்சகத்தில் வண்ணம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவராக இருக்கலாம். எப்படிச் செய்கிறீர்கள் என்று பணிவோடு கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அதன் தலைப்பில் அவர் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.